பாலத்தடியில் ஒரு கரண்டி

இழுக்கக்கூடாது, இழுத்தால் அறுந்துடும், அறுந்தால் எல்லாம் போச்சு என்று சொல்லிக்கொண்டே தையல்நாயகி விரலில் ரெண்டு சுற்றாய் இருந்த தூண்டில் நரம்பை ஒரு சுற்று தளர்த்திவிட்டாள். அந்தப் பக்கம் ஒரு அசைவும் இல்லை. மீன் கடித்திருந்தால் நரம்பு பேசும், துடிக்கும், ஓடும். இது கல்லைக் கடித்த கொக்கி. பழைய பாலத்தை இடித்தபோது அள்ளாமல் விட்ட கல்லெல்லாம் புதுப் பாலத்து மூன்றாம் தூணுக்குக் கீழேதான் கிடக்கிறது, ஒவ்வொன்றிலும் சிப்பி கத்தி கத்தியாய் ஒட்டிக்கொண்டிருக்கும், அதற்குள்ளேதான் கொடுவா மீன் படுத்திருக்கும், அதனால்தான் அங்கே பார்த்து வீசினாள், நல்லாத்தான் வீசினாள், ஒரு வருசத்துக்கு மேல் தொடாத கை என்று யாரும் சொல்ல முடியாது. வீசி, முங்கவிட்டு, மெல்ல இழுத்து, நாலாவது வீச்சில் சிக்கிக்கொண்டது. சரி, போனால் தூண்டிலாய் மாட்டின ஒரு கரண்டித் தலைதானே, வேற ஏதாவது வச்சிருக்காரா பார்ப்போம் என்று, விடியற்காலையில் புருசன் பூவரசன் கையில் திணித்த செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே அறுத்துப்போட்ட கரண்டிக் காம்பு இருந்தது. திருப்பினாள். காம்பின் அடியில், அரிசி அகலத்துக்கு, புள்ளி புள்ளியாய்க் கொத்திய ‘செ’. செங்கமலம். அம்மா எந்தப் பாத்திரம் வாங்கினாலும் கடைவாசலிலேயே நின்று பேர் வெட்டாமல் வீட்டுக்குள் கொண்டுவர மாட்டாள். முழுப்பேருக்கு இடமில்லாவிட்டால் ஒரே எழுத்து. அய்யோ, இது வெள்ளிக் கரண்டி. பத்தரைக்குப் பாப்பாவுக்கு முதல் சோறு ஊட்டப்போகிற கரண்டி. மூணு முள் கொக்கி மாட்டி, முகத்துவாரத்துக்குப் போகிற தண்ணியில், ஆள் உயரத்துக்கும் கீழே, கல் இடுக்கில் கிடக்கிறது.

காம்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். சில்லென்று இருந்தது. தூணைப் பார்த்தாள். பாசி ஒட்டியிருக்கிற கறுப்புக் கோடு இன்னும் தண்ணிக்கு அடியில்தான், ஆனால் ஏத்தம் நின்றுவிட்டது, தூணைச் சுற்றிக் கிடந்த நுரை இப்போது கடல் பக்கம் நகர ஆரம்பித்திருக்கிறது. வத்தம் பிடித்துவிட்டது. இனிமேல் குறையும். இடுப்பளவு வந்தால் நரம்பைப் பிடித்துக்கொண்டே நடந்துபோய்க் கையாலேயே எடுத்துவிடலாம். எட்டரை ஆகும். ஒம்பது மணி வண்டியில் அம்மா வருகிறாள். வண்டி இந்தப் பாலத்து மேலேதான் வரும், பாலத்துத் தலையிலேதான் நிற்கும், இறங்கித் திரும்பினால் இந்தப் படித்துறை முழுக்கத் தெரியும். எட்டரைக்கும் ஒம்பதுக்கும் நடுவில் அரைமணி. போதும். போதுமா? முன்னே மாதிரி என்றால் இந்நேரம் குதித்திருப்பாள், பாலத்தடி இழுவை அவளுக்குப் புதுசா என்ன, பதினாலு வயசில் இதே மாதிரி தண்ணியில் முங்கிச் செருப்பு எடுத்தவள். காலை ஒரு படி கீழே வைத்துப் பார்த்தாள். தண்ணி கணுக்காலைப் பிடித்துக் கடல் பக்கம் வா வா என்று இழுத்தது. எடுத்துக்கொண்டாள். நான் இப்ப தனி ஆள் இல்லை, ஏழு மாசத்துக்காரி ஒருத்தி எட்டு மணிக்கு வாயைத் திறந்துகொண்டு தேடுவாள். ஒரு கரண்டிக்காகப் போய், நாளைக்கு ஊரில் என்ன சொல்லுவார்கள், சோறூட்டுற அன்னிக்குக் காலையில மீன் புடிக்கப் போனாளாம். சீ, என்ன நினைப்பு இது. தூ தூ என்று தண்ணியில் துப்பினாள்.

அவரைச் சொல்லியும் குத்தமில்லை. வெள்ளியையும் எவர்சில்வரையும் பிரித்துப் பார்க்க அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அஞ்சு வயசிலிருந்து விடுதியில் அலுமினியத் தட்டில் சாப்பிட்டவர், அவர் கைபட்ட முதல் வெள்ளி அவளுக்குப் போட்ட மெட்டிதான், அதையும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது. அந்தக் கரண்டி வேறு கறுத்துப்போய் இருந்தது. அம்மா அதை நேரில்கூடக் கொடுக்கவில்லை, ஒம்பது மணி வண்டிக் கண்டக்டர்கிட்டே கொடுத்துவிட்டிருந்தாள். “இந்தாம்மா, ஒன் ஆத்தா குடுத்துச்சு, சோறூட்டுக்காம். நான் ஒண்ணும் கேக்கலை, அதுவும் ஒண்ணும் சொல்லலை” என்று அவர் சன்னல் வழியாய் நீட்டினார். ரெண்டு வருசத்தில் அந்த வீட்டிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த முதல் பொருள். அதை எங்கே வைத்தாள்? விபூதி போட்டுத் தேய்க்கலாம் என்று கரண்டி டம்ளரில், மற்ற கரண்டிகளோடு கரண்டியாய் நிற்க வைத்தாள். அங்கேயே இருக்கட்டும், பத்திரம் என்று. அப்போ யார் தப்பு? நீதான்டி தையலு. காலையில் அவர் அதை எடுத்து நீட்டினபோது முகத்தைப் பார்க்கணுமே. கண்ணெல்லாம் சிரிப்பு. “ஒரே இழுப்புல வெண்ணெய் மாதிரி அறுந்துது புள்ள, நல்ல எவர்சில்வரு” என்றார். வெண்ணெய் மாதிரி எவர்சில்வர் எங்கேயாவது அறுபடுமா, அப்பவாவது புத்திக்குப் பட்டிருக்கணும். பாப்பா இடுப்பில் ஏறி மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது, அவளும் சிரித்தாள். “புளி போட்டுத் தேச்சேன். ரெண்டு பக்கமும் ஓட்டை போட்டு வளையம் மாட்டியிருக்கேன். காம்பை வீசிடாத, அதுலயும் ஒண்ணு செய்யலாம். போ, வண்டி வர்ற வரைக்கும் உன் காலை. பாப்பாவை நான் பாத்துக்கறேன். கொடுவாயோட வா, உங்கம்மாவுக்கு உன் கையால கொழம்பு வையி.” உன் காலை என்றார். காலை என்று ஒன்று தனியாய் அவளுக்கு வந்து எத்தனை நாளாச்சு.

ஆனால் அந்தக் கரண்டிப் பேச்சே பொய்தானே. முழுப் பொய் இல்லை, முக்கால் பொய். பிள்ளை பெற்று வந்து படுத்திருந்த அந்த நாற்பது நாளும் பொழுது போகாமல் அளந்துவிட்டது. வேறு வீடுகளில் தலைப்பிள்ளைக்கு அம்மா வீட்டுக்குப் போவார்கள், இங்கே அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து, பார்த்து, பிள்ளை நெற்றியில் விரல் வைத்து, சாயங்கால வண்டிக்குப் போய்விட்டாள். அவர் பக்கம் திரும்பிக்கூடப் பேசவில்லை. “தண்ணி காய வச்சிருக்கா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள், சுவர் பதில் சொல்லாததால் அவர் சொன்னார். படகை ஓரம் கட்டிவிட்டு அவரேதான் எல்லாம் செய்தார். பூண்டுக் குழம்பைப் போனில் பார்த்துப் பார்த்து வைத்தார். முதல் நாள் பூண்டு மட்டும்தான் இருந்தது, குழம்பைக் காணோம். ராத்திரி பாப்பாவை மார்மேல் போட்டுக்கொண்டு, பட்டணத்திலிருந்து தூண்டில் போட வருகிறவர்களைப் படகில் ஏற்றிப்போன கதையெல்லாம் சொல்வார். அவர்கள் விட்டுப்போன ரப்பர் மீன்களை ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார், பச்சை, மஞ்சள், வால் மட்டும் தனியாய் ஆடுகிறது, அறுபது ரூபாய்க்கு ஒன்று. அதைப் பெருமையாய்க் காட்டும்போதுதான் வாய் சும்மா இருக்காமல் அவள் ஆரம்பித்தாள். “இதெல்லாம் ஒரு தூண்டிலா? எங்க ஊருல கரண்டித் தலையை அறுத்து வீசுவோம் மாமா. தண்ணிக்குள்ள பளீர் பளீர்னு உருளும். கொடுவாய்க்குப் பைத்தியமே புடிச்சிடும். நான் ஒரே கரண்டியில பதினொண்ணு புடிச்சிருக்கேன்.” “பதினொண்ணா!” “பின்ன?” அவர் அப்படியே நம்பிவிட்டார். நம்புகிற ஆளிடம் பொய் சொல்வது எவ்வளவு சுலபமோ அவ்வளவு பாவம். பிடித்தது ரெண்டு. அதிலும் ஒன்று கொடுவா இல்லை, கெளுத்தி.

என்னென்ன வைத்துப் பிடித்தோம் அப்போது. சேவல் கழுத்து இறகைக் கொக்கியில் சுற்றிக் கட்டுவோம், அது பரவாயில்லை, நனைந்தால் உயிருள்ளது மாதிரி மூச்சு விடும், ஆனால் ஒரு கடிக்குத்தான் தாங்கும், அப்புறம் சேவலைத் துரத்தணும், சேவல்காரி நம்மைத் துரத்துவாள். சிகரெட் பெட்டி சரிகைத்தாள். வேட்டிக் கிழிசல். தேய்ந்துபோன ரப்பர் செருப்பைப் பிளேடால் மீன் மாதிரி செதுக்கி ஆணியைச் சூடாக்கிக் கண் வைப்போம், அது தண்ணியில் முங்கவே முங்காது, செருப்பு செருப்பாகவே மிதக்கும், அதைக் கடிக்கிற மீன் எந்த முகத்துவாரத்திலும் பிறக்கவில்லை. கரண்டி அழகுதான். ஆனால் உருண்டு உருண்டு நரம்பை முறுக்கிவிடும், பத்து வீச்சுக்கு ஒரு தடவை உட்கார்ந்து சிக்கெடுக்கணும், மீன் பிடிக்கிற நேரத்தைவிடப் பேன் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிற நேரம்தான் அதிகம். யாரும் இப்போது அதைத் தொடாததற்குக் காரணம் இருக்கிறது. ரப்பர் மீனே தேவலாம், அது அவளுக்கே தெரியும், ஒருநாளும் அவரிடம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டிருந்தால் அந்தக் கரண்டி இந்நேரம் விபூதியில் மினுமினுத்துத் தாம்பாளத்தில் இருந்திருக்கும். வாய் இருக்கிறதே வாய். பாப்பா வாய்க்குப் போகவேண்டியது கொக்கி மாட்டிக்கொண்டு மீன் வாய்க்குப் போயிருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் ரெண்டும் ஒன்றாய்ச் சேர்ந்து ஒரு படமாய் எழும்பிற்று, சின்ன வாய், பல்லில்லாத சிவப்பு ஈறு, உள்ளே கரண்டி, கரண்டிக்குப் பின்னால் மூணு முள். அதெல்லாம் ஒன்றும் இல்லை, கொக்கியைக் கழற்றிவிடலாம், கொதிக்கிற தண்ணியில் போடலாம். அவர் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பார்? போனையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாச்சு, பாட்டுப் போட்டால்தான் பாப்பா எண்ணெய் தேய்க்க விடுவாள். கவிழ்ந்து தவழ்ந்துவிடப் போகிறாள். அடுப்புப் பக்கம். இல்லை, அவர் பார்த்துக்கொள்வார், துணியைத்தான் முன்பின்னாய்க் கட்டுவார், பிள்ளையை இல்லை.

பாப்பா பேரை நினைத்தால் போதும் போல, நிறைமதி என்று மனசுக்குள் ஒரு தடவைதான் சொன்னாள், மார் ரெண்டும் கல்லாய்க் கட்டிச் சுரந்துவிட்டது. ரவிக்கை முன்பக்கம் நனைந்து ரெண்டு வட்டம். மணி ஏழரை இருக்கும். கடிகாரமே வேண்டாம், இந்த உடம்பே மணி அடிக்கிறது. வலி தோள் வரைக்கும் ஏறியது. பாலத்தைப் பார்த்தாள், யாரும் இல்லை. பீய்ச்சிவிட்டால் தேவலாம். தரையில் பீய்ச்சினால் எறும்பு மொய்க்கும், பால் வற்றிப்போகும் என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரி சொன்னாள், ஓடுகிற தண்ணியில் விடலாமாம். நரம்பு சுற்றிய கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, முந்தானையை மறைத்துக்கொண்டு, கடைசிப் படியில் குனிந்து பீய்ச்சினாள். வெள்ளையாய் ஒரு இழை, தண்ணியில் விழுந்ததும் விரிந்து புகை மாதிரி நின்று, மெல்ல நகர்ந்தது. எங்கே இருந்தோ பொடிமீன்கள் வந்தன. முதலில் நாலு, அப்புறம் எண்ண முடியாத அளவுக்கு, கண்ணாடித் துண்டுகள் மாதிரி, அந்த வெள்ளைக்குள் புகுந்து வாயை வாயைத் திறந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏய், உங்களுக்கெல்லாம் இன்னிக்குச் சோறூட்டா? வாங்க, வாங்க, எல்லாரும் என் பிள்ளைங்கதான். சிரித்துக்கொண்டே இருக்கும்போது, கையெட்டும் தூரத்தில், பொடிமீனெல்லாம் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் சிதறியது. அடியிலிருந்து ஒன்று எழும்பிற்று. அகலமான முதுகு, பித்தளைக் குடத்து நிறம், செவுளில் வெயில் பட்டு ஒரு தகடு திறந்து மூடியது. படேர் என்று வாலால் அடித்த தண்ணி அவள் முகத்தில் விழுந்தது. கொடுவா. அஞ்சு கிலோவுக்குக் குறையாது. அவளைப் பார்த்தது. ஆமாம், பார்த்தது, மஞ்சள் கண், அது எப்படிப் பார்க்காமல் இருக்கும். அவள் கையில் நரம்பு இருக்கிறது, நரம்பின் அந்த முனை கல்லில் இருக்கிறது. மறுபடி ஒரு சுழி போட்டது, பாலின் கடைசிப் புகைக்குள் புகுந்து, பாலத்து நிழலுக்குள் போய்விட்டது. அறுத்துவிடலாமா என்று கை ஒரு நொடி யோசித்தது. நரம்பை அறுத்து, நுனியில் ஊக்கை வளைத்துக் கட்டி, ஒரு பொடிமீனைக் கோத்து... பழைய கை, அதற்கு என்ன தெரியும். கரண்டி, கரண்டி என்று தானே அதை அடக்கினாள். எந்த ரப்பரும் இல்லை, இறகும் இல்லை, ஒரு வாய்ப் பாலுக்கு வந்திருக்கிறது மகராசன். இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்?

பாசிக் கோடு தெரிந்தது. அப்புறம் கோட்டுக்குக் கீழே ஒரு சாண், ரெண்டு சாண். மூன்றாம் தூணருகே தண்ணி சுழித்துக்கொண்டு ஒரு கல்லின் மண்டை வெளியே வந்தது, ஈரத்தில் சிப்பி பளபளத்தது. அம்மா என்ன சொல்லுவாள்? கத்த மாட்டாள், அதுதான் பயம். “குடுத்ததை வச்சுக்கத் தெரியலை” என்று ஒரு வார்த்தை சுவரைப் பார்த்துச் சொல்லுவாள், அடுத்த வண்டிக்குப் போய்விடுவாள், அப்புறம் எத்தனை வருசமோ. யாருமில்லாத பிள்ளைக்கு எப்படிடி உன்னைக் குடுக்கறது என்று அன்றைக்குக் கேட்டவள். அவரோ, தான் அறுத்தது என்னது என்று தெரிந்தால், ஒன்றும் பேசாமல் போய்ப் படகில் உட்கார்ந்துகொள்வார். சாப்பிட மாட்டார். தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை உலகத்தில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்கிறார்கள் என்கிற மாதிரி ஒரு முகம் அவருக்கு உண்டு, ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள், கல்யாணத்தன்று, மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் போட்டிருந்த நாற்காலி எல்லாம் காலியாய்க் கிடந்தபோது. அந்த முகம் இன்னொரு தடவை வரக்கூடாது. அவருக்கும் தெரியக்கூடாது, அம்மாவுக்கும் தெரியக்கூடாது. எப்படி? பத்தரைக்குள் வேற கரண்டி... வெள்ளிக்கு எங்கே போவது? சோத்தை நெய் விட்டுக் குழைத்து, கையாலேயே... அம்மா கேட்பாளே, கரண்டி எங்கே? கேட்கட்டும். முதலில் எடு. புடவையைத் தொடைக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு, நரம்பைக் கைமாற்றிக் கைமாற்றிச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். இடுப்பு. சில இடத்தில் மார். இழுவை இருந்தது, ஆனால் பழைய பேய் இழுவை இல்லை. உள்ளங்காலில் சிப்பி கிழித்தது, நறுக் என்று ஒரு சூடு. கிழி, பரவாயில்லை. மூக்கு வரைக்கும் குனிந்து, நரம்பு போன வழியே விரலை விட்டாள். கல், கல், வழவழப்பு, சிப்பி, கம்பி வளையம். கொக்கியில் ஒரு முள் ஒரு சிப்பியின் வாய்க்குள் மாட்டியிருந்தது. ஆட்டி, திருகி, வந்துவிட்டது. தூக்கிப் பார்த்தாள். முதுகில் நாலு கீறல், விளிம்பில் ஒரு நசுங்கல். ஆனால் எவ்வளவு வெள்ளை. அவர் எவ்வளவு நேரம் தேய்த்திருப்பார்.

தலைக்கு மேலே பாலம் அதிர்ந்தது. ஒம்பது மணி வண்டி. எட்டரை எங்கே போனது என்று தெரியவில்லை. அவள் கரைக்கு வந்து படியேறுவதற்குள் பாலத்துத் தலையில் வண்டி நின்று, ஒரு பையும் ஒரு தூக்கும் இறங்கி, பின்னாலேயே அம்மா இறங்கி, கையை நெற்றியில் வைத்துக் கீழே பார்த்தாள். தெருவிலிருந்து பூவரசன் ஓட்டமும் நடையுமாய் வந்தார், தோளில் நிறைமதி, சட்டை முன்பின்னாய், தலையில் எண்ணெய் வழிய, வீல் வீல் என்று அழுதுகொண்டு. மூணு பேரும் படித்துறையில்தான் சேர்ந்தார்கள். தையல்நாயகி கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“வாங்கத்தை” என்றார் அவர், மூச்சு வாங்க. அப்புறம் அந்தச் சனியன் பிடித்த சந்தோசத்தோடு, “எங்க புள்ள, காட்டு. அத்தை, நானே கரண்டி அறுத்து இவளுக்குத் தூண்டில் செஞ்சு குடுத்தேன். விடிய விடியத் தேச்சேன். காட்டு.”

அம்மா கையை நீட்டினாள். நீட்டின கைக்கு இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. வைத்தாள். அம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை, உள்ளங்கையில் ஒரு தடவை எடை பார்த்தாள், அவ்வளவுதான். அம்மா மருமகனைப் பார்த்தாள். அவர் விரலெல்லாம் புளியில் கறுத்திருந்தது, பிள்ளை சட்டைப் பொத்தான் முதுகுப் பக்கம் இருந்தது, பிள்ளை ஒரு கையால் அவர் காதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. “மொதல்ல புள்ளைக்குப் பாலைக் குடு” என்று சொல்லி அம்மா அவள் முன்னால் வந்து, முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு நின்றாள். அந்த மறைப்புக்குள் குரல் இறங்கியது. “காம்பு?”

தையல்நாயகி இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். “அவருக்குத் தெரியாதும்மா. வெள்ளின்னு...”

“உஸ். ஆசாரி ஒட்டிருவான்.” காம்பும் கரண்டியும் சுருக்குப்பைக்குள் போயின, கொக்கியோடு. “கையாலயே ஊட்டிக்கலாம். உனக்கெல்லாம் யாரு கரண்டி வச்சா?” பிறகு முந்தானைக்கு அந்தப் பக்கமாய், சத்தமாய், “நல்லாத்தான் மினுக்கியிருக்கீங்க மாப்ள. நான் பத்திரமா வச்சிருக்கேன், ஈரம் காயட்டும்.”

மாப்ள. பாப்பா உறிஞ்சுகிற வேகத்தில் அந்த வார்த்தையும் சேர்ந்து அவள் உடம்பு வழியாய் எங்கேயோ இறங்கியது. கால் கிழிந்த இடம் இப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது.

“சரி, மீனு எங்க?” என்றார் அவர்.

“வந்துது மாமா. சத்தியமா. இந்தா, கையெட்டுற தூரம், இவ்ளோ பெருசு, அஞ்சு கிலோ. என்னையப் பார்த்துது. அது எதுக்கு வந்துதுன்னு சொன்னா...”

அம்மா தூக்கை எடுத்துக்கொண்டு படியேற ஆரம்பித்திருந்தாள். “இவ சொல்றதையெல்லாம் நம்பாதீங்க மாப்ள” என்றாள், திரும்பாமல். “சின்னதுலேருந்தே இப்படித்தான். ரெண்டு மீனைப் புடிச்சிட்டு வந்து பதினொண்ணும்பா.”

அவர் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு போனார். “ரெண்டா?” என்று கேட்டுக்கொண்டே போனார். “ரெண்டேதானா அத்தை?”